கதவின் உயரம் 50 மீட்டரா? தொடக்கப் பள்ளியில் அளவெடுக்கச் சொல்லித் தருவது எப்படி

நாலாங்கிளாஸ் டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு அரசு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். ஒரு மீட்டருக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டால் என் பிள்ளைகள் தூக்கத்திலும் 100 என்று சொல்வார்கள். போன வாரம் சும்மா ஒரு கேள்வி கேட்டேன்: நம்ம வகுப்புக் கதவு எவ்வளவு உயரம் இருக்கும்? "அம்பது மீட்டர் டீச்சர்" என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவள் "இல்ல டீச்சர், 20 சென்டிமீட்டர்" என்றாள். இரண்டு பேருமே கணக்கில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவர்கள்.

பென்சிலை அளக்கச் சொன்னாலும் இதே கதைதான். ஒருவன் ஸ்கேலின் ஓரத்தில் வைக்கிறான், ஒருவன் 1-இல் வைக்கிறான், எங்கே முடிகிறதோ அந்த எண்ணை எழுதிவிடுகிறார்கள். மாற்றி எழுதும் கணக்கு மட்டும் டாண் டாண் என்று வருகிறது.

அளவை என்ற பாடத்தைக் கணக்குப் பீரியடோடு நிறுத்தாமல் அறிவியல் செயல்பாடுகளோடு சேர்த்து நடத்தலாமா என்று யோசிக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வகுப்பில் 28 பேர். செலவு அதிகம் வைக்க முடியாது.

---

கொட்டாங்குச்சி

டீச்சர், அந்தப் பையன் சொன்னதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. மீட்டர் என்பது அவனுக்கு இதுவரை விடைத்தாளில் எழுதும் ஒரு சொல். அது இவ்வளவு நீளம் என்று கண்ணும் கையும் பார்த்ததே இல்லை. அப்புறம், பென்சிலின் நீளம் தெரிந்து யாருக்கு என்ன ஆக வேண்டும்? ஏதாவது ஒன்றைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால்தான் அளக்கத் தோன்றும். அறிவியல் பாடத்தால் கிடைக்கும் லாபம் அதுதான், கேள்வி முன்னால் வரும், ஸ்கேல் பின்னால் வரும்.

நான் ஆசிரியர் இல்லை. பள்ளிகளுக்குப் போய் அறிவியல் செயல்பாடுகள் செய்துகாட்டுகிறவன். எந்த ஊரிலும் கைவிடாத ஒன்றைச் சொல்கிறேன்: பச்சைப்பயறு.

ராத்திரி ஊறப்போட்ட பயறைச் சிரட்டையில் மண் போட்டு ஊன்றுங்கள். பாதிச் சிரட்டைகளை ஜன்னல் ஓரம் வையுங்கள், மீதியை பீரோவுக்குள் வைத்து மூடுங்கள். எது உயரமாக வளரும் என்று பந்தயம் கட்டச் சொல்லுங்கள். முக்கால்வாசிப் பேர் வெளிச்சத்தில் இருப்பதுதான் என்பார்கள். நாலைந்து நாளில் பீரோவைத் திறந்தால் உள்ளே இருப்பது நெடுநெடுவென்று நிற்கும், வெளிறிப்போய், தண்டு மெலிந்து, தலை சாய்ந்து. வகுப்பே கத்தும். தோற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். "அது வளைஞ்சிருக்கு, அதெல்லாம் கணக்கு இல்ல" என்பான் ஒருவன். வளைந்த தண்டை எப்படி அளப்பது, நுனிவரை நேராகவா, வளைவோடு சேர்த்தா? அங்கே நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது நூல் கேட்பார்கள்.

இன்னொன்று. முதல் சில நாட்களுக்கு ஸ்கேலே வேண்டாம். செடி எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்குக் காகிதப் பட்டை வெட்டி, தேதி எழுதி, சார்ட்டில் ஒரே அடிக்கோட்டில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். பட்டை வரைபடம் என்ற பெயர் தெரியாமலே அதை வரைந்துவிடுவார்கள். பிறகு "நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் எவ்வளவு வளர்ந்தது? பக்கத்து வகுப்பு டீச்சருக்கு வாயால் சொல்லணும், பட்டையைக் காட்டக் கூடாது" என்று சொல்லுங்கள். ஸ்கேலை அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

---

கணக்கு வாத்தியார்

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதிரி செயல்பாட்டில் பிள்ளைகள் மனசில் நிற்பது செடிதான். பீரோவுக்குள் செடி வெளுத்துப்போன கதையை வீட்டில் போய்ச் சொல்வார்கள். ஆறு மாதம் கழித்து ஸ்கேலைக் கையில் கொடுத்தால் மறுபடியும் ஓரத்தில்தான் வைப்பார்கள்.

அளப்பது என்றால் என்ன? ஒரே அளவுள்ள துண்டுகளை இடைவெளி விடாமல், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அடுக்கி எண்ணுவது. இது கையால் செய்து பழக வேண்டிய விஷயம். பெஞ்சைச் சாணால் அளக்கச் சொல்லுங்கள், அடுத்து தீக்குச்சியால் அளக்கச் சொல்லுங்கள். குச்சிகளுக்கு நடுவில் சந்து விட்டு அடுக்குவதைப் பார்ப்பீர்கள். நடுவில் குச்சி தீர்ந்துபோனால் ஒரு துண்டுக் குச்சியை வைத்து அதையும் ஒன்று என்று எண்ணுவார்கள். அலகு என்பது இன்னும் மண்டையில் ஏறவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

அதற்கு நான் செய்வது: கட்டம் போட்ட காகிதத்தில் 1 செ.மீ. சதுரங்களை இரண்டு நிறத்தில் வெட்டி, அட்டைப் பட்டையில் மாற்றி மாற்றி ஒட்டச் சொல்வேன். சிவப்பு, மஞ்சள், சிவப்பு, மஞ்சள். முதல் இரண்டு வாரம் அதில் எண்ணே கிடையாது. எதை அளந்தாலும் சதுரத்தை எண்ணித்தான் சொல்ல வேண்டும். "ஒவ்வொரு தடவையும் எண்ண முடியல சார்" என்று அலுத்துக்கொள்ளும்போது, எண் எழுதிக்கோ என்பேன். எங்கே எழுதுவது? சிலர் சதுரத்தின் நடுவில் எழுதுவார்கள். சதுரம் முடிகிற இடத்தில் எழுதினால்தான் வசதி என்று புரிந்ததும், தொடங்குகிற இடத்தில் என்ன எழுதுவது என்ற கேள்வி தானாக வரும். 0 அப்படித்தான் வர வேண்டும். இது முதலில். பயறு அப்புறம்.

---

ஈராசிரியர் பள்ளி

வாத்தியார் சொல்லும் சொந்த ஸ்கேல் நானும் செய்திருக்கிறேன், அருமையான வேலை. எங்கள் பள்ளியில் 3, 4, 5 மூன்றும் ஒரே அறையில். ஐந்தாம் வகுப்புப் பெரிய பிள்ளைகளை வெட்ட விட்டு, மூன்றாம் வகுப்பை ஒட்ட விடுவேன்.

ஸ்கேல் ஓரம் பற்றி: கடையில் வாங்கும் 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலில் 0 கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் வெற்று இடம் விட்டிருப்பார்கள். ஸ்டீல் ஸ்கேலில் பெரும்பாலும் ஓரமே 0. டேப்பிலும் ஓரம்தான் 0. பிள்ளை ஒன்றில் கற்றதை இன்னொன்றில் செய்தால் தப்பாகிறது. மூன்றையும் பக்கத்தில் வைத்து "0 எங்கே, தொட்டுக் காட்டு" என்று ஒரு பீரியட் விளையாடினாலே பாதிப் பிரச்சினை போய்விடும்.

உடைந்த ஸ்கேலைத் தூக்கிப் போடாதீர்கள். முன்பக்கம் உடைந்து 3-இல் ஆரம்பிக்கிற ஸ்கேலைக் கொடுத்து ஒரு குச்சியை அளக்கச் சொல்லுங்கள். குச்சி 3-இலிருந்து 8 வரை இருக்கிறது. நிறையப் பேர் 8 என்பார்கள். கொஞ்சம் பேர் 3, 4, 5, 6, 7, 8 என்று கோடுகளை விரல் விட்டு எண்ணி 6 என்பார்கள். இந்த இரண்டு தப்பும் வேறு வேறு தப்பு. 8 என்றவனுக்குத் தொடக்கம் முக்கியம் என்பதே தெரியாது. 6 என்றவனுக்கு அது தெரியும், ஆனால் கோட்டை எண்ணுகிறான், கோடுகளுக்கு நடுவில் உள்ள இடத்தை எண்ணவில்லை. இரண்டு பேரிடமும் ஒரே மாதிரி "தப்பு, 5" என்று சொல்லி நகர்ந்துவிட்டால் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது.

---

கொட்டாங்குச்சி

உடைந்த ஸ்கேல் பிரமாதம். வாத்தியாருடன் எனக்கு அதில் சண்டை இல்லை. எது முதலில் என்பதில்தான் சண்டை. இரண்டு வாரம் சிவப்பு மஞ்சள் ஒட்டச் சொன்னால் அளவெடுப்பது மறுபடியும் டீச்சர் கொடுத்த வேலைதான். நான் பார்த்தவரை செடிக்காகச் சண்டை போட்டவன்தான் "டேய் சந்து விடாம வைடா" என்று அடுத்தவனைத் திருத்துகிறான்.

---

தையல்கடை மகள்

பெரியவர்கள் பேசுமிடத்தில் ஒரு சின்ன விஷயம். பள்ளியில் செ.மீ. சொல்லிக் கொடுக்கிறீர்கள். எங்கள் அப்பா கடையில் எல்லாமே இஞ்ச். துணி மட்டும் மீட்டரில் வாங்குவார். பூ முழத்தில், நிலம் சென்ட்டில், தங்கம் பவுனில். எட்டு கிராம் ஒரு பவுன் என்பது எங்கள் தெருவில் படிக்காத பாட்டிக்கும் தெரியும். பிள்ளைகள் வீட்டில் கேட்கிற அளவையெல்லாம் வகுப்புக்குள் வரவே கூடாதா?

இன்னொன்று, பழைய டேப் நீண்டுபோகும். அப்பா இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு டேப்பை வைத்துக்கொள்ள மாட்டார். புது டேப்பையும் பழைய டேப்பையும் சேர்த்துப் பிடித்தால் கடைசியில் வித்தியாசம் தெரியும். அதைப் பிள்ளைகளிடம் காட்டிப் பாருங்கள்.

---

கணக்கு வாத்தியார்

நல்ல கேள்வி தங்கச்சி. வரலாம், வரணும். பூக்காரம்மாவின் முழமும் வாங்குகிறவரின் முழமும் ஒன்றாக இருக்காது என்பதிலிருந்துதான் நான் பொது அலகையே தொடங்குவேன். நம் ஊரில் 2 ஆழாக்கு ஒரு உழக்கு, 2 உழக்கு ஒரு உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால் என்று ஒழுங்காக அடுக்கித்தான் வைத்திருந்தார்கள். வாய்ப்பாட்டில் குறையே இல்லை. ஒரு ஊர்ப் படி இன்னொரு ஊர்ப் படிக்குச் சமமாக இருக்காது, சிக்கல் அங்கே. இந்தியாவில் 1956-இல் சட்டம் போட்டு, 1958 முதல் கிலோவுக்கும் மீட்டருக்கும் படிப்படியாக மாறினார்கள். வீட்டில் ஆழாக்கு இருந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள். எத்தனை மி.லி. தண்ணீர் பிடிக்கிறது என்று அளந்து எழுதட்டும். எல்லார் வீட்டு ஆழாக்கும் ஒன்றா என்று பார்க்கலாம்.

---

நாலாங்கிளாஸ் டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டேன், இரண்டையும் ஆரம்பித்துவிட்டேன். பயறு பீரோவுக்குள் இருக்கிறது. தலைமையாசிரியர் பதிவேடு எடுக்கப் போய்த் திறந்துவிட்டு "என்னம்மா இது" என்றார். அது தனிக் கதை.

நடுவில் வேறு ஒன்று நடந்தது. செடிக்கு முன்னால் பழகட்டும் என்று ஒரே பெஞ்சை எல்லாக் குழுவும் அளக்கச் சொன்னேன். ஏழு குழு. கரும்பலகையில் வரிசையாக எழுதினேன்: 120, 121, 113, 120, 119, 112, 120. "எது டீச்சர் கரெக்ட்?" என்று உடனே கேட்டார்கள். வழக்கமாக நான் சொல்லிவிடுவேன். இந்தத் தடவை "113-உம் 112-உம் ஏன் இவ்வளவு தள்ளி இருக்கு?" என்று திருப்பிக் கேட்டேன்.

அந்த இரண்டு குழுவையும் எல்லார் முன்னாலும் மறுபடி அளக்கச் சொன்னோம். சின்ன பிளாஸ்டிக் ஸ்கேலை ஓரத்தோடு ஓரம் வைத்து நகர்த்தி நகர்த்தி அளக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் 15 என்று கூட்டுகிறார்கள். ஒரு பெண்தான் கண்டுபிடித்தாள். "டீச்சர், ஸ்கேல் 15-க்கு மேல இருக்கு. ரெண்டு பக்கமும் வெள்ளையா கொஞ்சம் இருக்கே, அதை எண்ணவே இல்ல." ஈராசிரியர் சார் சொன்ன அதே வெற்று இடம். ஒரு தடவைக்கு ஏறக்குறைய 1 செ.மீ. விட்டுப்போகிறது, ஏழெட்டுத் தடவை வைத்தால் ஏழெட்டு செ.மீ. குறைகிறது. கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது! வகுப்பில் ஒரே கூச்சல்.

119-க்கும் 121-க்கும் இப்படிக் காரணம் கிடைக்கவில்லை. பென்சில் கோடு தடிமனாக இருந்தது என்றார்கள், பெஞ்சு ஓரம் தேய்ந்திருக்கிறது என்றார்கள். விட்டுவிட்டேன்.

---

கணக்கு வாத்தியார்

பார்த்தீர்களா, செடி இல்லாமலே நடந்திருக்கிறது :)

ஆனால் ஒரு சந்தேகம். பரீட்சையில் பெஞ்சின் நீளத்துக்கு ஒரே விடைதான். 119-உம் சரி, 121-உம் சரி என்று விட்டால் நாளைக்கு எல்லாவற்றுக்கும் "கிட்டத்தட்ட சார்" என்று வருவான்.

---

கொட்டாங்குச்சி

வரட்டுமே சார். எதை அளந்தாலும் கிட்டத்தட்டதான். எவ்வளவு கிட்ட என்று சொல்லத் தெரிகிறதா என்பதுதான் விஷயம். 112 ஒரு வகை, அதற்குக் காரணம் உண்டு, கண்டுபிடித்துத் திருத்தலாம். 119, 120, 121 வேறு வகை, எத்தனை கவனமாக அளந்தாலும் கொஞ்சம் இப்படி அப்படித்தான் வரும். நான்காம் வகுப்பில் இந்த இரண்டையும் ஒரே நாளில் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். டீச்சர் இதற்கு மேல் ஒன்றும் விளக்க வேண்டாம், கரும்பலகையை அழிக்காமல் இரண்டு நாள் விட்டாலே போதும்.

---

ஈராசிரியர் பள்ளி

எடைக்கு யாராவது வழி சொல்லுங்கள். எங்களிடம் இருக்கும் தராசில் ஒரு சங்கிலி அறுந்துவிட்டது. நாணயங்களை எடைக்கல்லாக வைக்கலாம் என்று பயிற்சியில் சொன்னார்கள். செய்தால் ஒரு குழுவுக்கும் இன்னொரு குழுவுக்கும் ஒத்தே வரவில்லை.

---

கொட்டாங்குச்சி

என் பேரே கொட்டாங்குச்சி, தராசுக்கு என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பீர்கள்.

நாணயம் ஏன் ஒத்துவரவில்லை என்றால், ஒரே மதிப்புள்ள நாணயம் வெவ்வேறு வருட வரிசைகளில் வெவ்வேறு எடை. 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 2019 வரிசை ஒரு ரூபாய் 3.09 கிராம். பத்து நாணயம் வைத்தால் 7 கிராம் வித்தியாசம் வந்துவிடும். ஐந்து ரூபாயும் அப்படித்தான், 2011 வரிசை 6 கிராம், 2019 வரிசை 6.74. பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் இரண்டு வகையையும் கலந்து கொடுத்து, கொஞ்ச நேரம் குழம்ப விட்டு, அவர்களே நாணயத்தைத் திருப்பிப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். எடைக்கல்லாக வேண்டும் என்றால் ஒரே வரிசையாகப் பொறுக்கி வையுங்கள்.

தராசு: ஒரு நேரான குச்சி, நடுவில் நூல், இரண்டு முனையிலும் ஒரே அளவுச் சிரட்டை. சிரட்டையில் மூன்று துளை போட்டு நூல் கட்டினால் சிரட்டை சாயாது. முதலில் ஒன்றும் வைக்காமல் தூக்குங்கள், கட்டாயம் ஒரு பக்கம் சாயும். குச்சி கிடைமட்டமாக நிற்கும்வரை லேசான பக்கத்தில் களிமண் ஒட்டுங்கள். ஸ்கேலில் 0 பார்க்கச் சொன்னோமே, இங்கே அதற்கு இந்தக் களிமண்தான்.

தட்டுக்கு அடியில் புளி ஒட்டி ஏமாற்றும் வியாபாரி கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு தராசின் சிரட்டைக்கு அடியில் நீங்களே ரகசியமாகக் களிமண் ஒட்டிவிட்டு, எந்தக் குழுவுடைய தராசு ஏமாற்றுகிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். காலியாகத் தூக்கினால் தெரிந்துவிடும். கொஞ்சம் கஷ்டமாக வேண்டுமா? குச்சியைக் கட்டிய நூலை நடுவிலிருந்து சற்று நகர்த்தி, காலியாக இருக்கும்போது சமமாக நிற்கிற மாதிரி களிமண்ணால் சரிக்கட்டிவிடுங்கள். இப்போது காலியாகத் தூக்கினால் ஒன்றும் தெரியாது. பொருளையும் எடையையும் இடம் மாற்றி வைத்தால் திருட்டு வெளியில் வரும். ஐந்தாம் வகுப்பில் இதற்கு ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும்.

எடைக்கல் செய்ய, பிரிக்காத 100 கிராம் பொட்டலம் ஏதாவது ஒன்று வேண்டும். அதற்குச் சமமாக மணல் போட்டுப் பை கட்டுங்கள். அந்த மணலை இரண்டு சிரட்டையிலும் சமமாகப் பிரித்தால் 50. மறுபடி பிரித்தால் 25. எடைக்கல்லே இல்லாமல் எடைக்கல் செய்யலாம் என்பது பிள்ளைகளுக்கு மந்திரம் மாதிரி இருக்கும்.

---

ஈராசிரியர் பள்ளி

நன்றி, இந்த வாரமே. புளி விஷயத்துக்கு எங்கள் பயல்கள் பிறவி நிபுணர்கள்.

எடையென்றால் சத்துணவு அறையை மறக்காதீர்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. அந்த 100 கிராமைத் தட்டில் கொட்டிக் காட்டினால் "இவ்வளவுதானா" என்பார்கள். வெந்த பிறகு அதே அரிசி எத்தனை கிராம் சோறாகிறது என்று எடைபோட்டால் இரண்டரை, மூன்று மடங்கு வரும். மீதி எடை எங்கிருந்து வந்தது? "அரிசி வளர்ந்திருச்சு சார்" என்றான் மூன்றாம் வகுப்புப் பயல். தண்ணீர்தான் என்று ஐந்தாம் வகுப்பு சொன்னது, ஆனால் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. அதே அளவு அரிசிக்குத் தண்ணீரைக் குறைத்தும் கூட்டியும் ஊற்றி வேகவைத்தால் தெரியும் என்று அவர்களே திட்டம் போட்டார்கள். சமையல் அக்கா துணைக்கு இருந்தார். அடுப்புப் பக்கம் பிள்ளைகளை விடவில்லை, வேகவைத்துக் கொண்டுவந்ததை ஆறின பிறகு வகுப்பில் எடைபோட்டோம்.

---

ரெண்டு பிள்ளை அம்மா

ஆசிரியர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். என் மகள் மூன்றாம் வகுப்பு. நேற்று வீட்டில் இருந்த காய்ச்சல் தெர்மாமீட்டரை டீ டம்ளருக்குள் விட்டு "எவ்வளவு சூடு பார்க்கிறேன்" என்றாள். பிடுங்கி வைத்துவிட்டேன். திட்டுவதா பாராட்டுவதா என்று தெரியவில்லை. வெப்பநிலை அளக்க வேறு என்ன கொடுக்கலாம்?

---

நாலாங்கிளாஸ் டீச்சர்

பாராட்டுங்கள், ஆனால் அந்தத் தெர்மாமீட்டரை மேலே வையுங்கள். அது உடம்புச் சூட்டுக்கு மட்டும்தான், 35 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரைதான் காட்டும். சூடான டீயில் விட்டால் கண்ணாடி உடையலாம், பழைய மாடலாக இருந்தால் உள்ளே பாதரசம். அது சிந்தினால் கையால் தொடவே கூடாது. பள்ளிக்கு என்றால் சிவப்பு நிறத் திரவம் உள்ள ஆய்வகத் தெர்மாமீட்டர் போதும்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யலாம், வீட்டிலேயே. மூன்று கிண்ணம். ஒன்றில் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர், ஒன்றில் பானைத் தண்ணீரில் ஐஸ் போட்டது, நடுவில் சாதாரணத் தண்ணீர். ஒரு கையை வெந்நீரிலும் ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு இரண்டையும் சேர்த்து நடுக் கிண்ணத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரே தண்ணீர், ஒரு கை குளிர்கிறது என்கிறது, ஒரு கை சுடுகிறது என்கிறது. தெர்மாமீட்டர் எதற்கு என்று அதற்கப்புறம் விளக்க வேண்டியதில்லை.

---

ரெண்டு பிள்ளை அம்மா

செய்தோம். சின்னவன் (ஐந்து வயது) கையை எடுக்கவே மாட்டேன் என்கிறான். நன்றி டீச்சர்.

இவனிடம் இன்னொரு கூத்து. ஒரே அளவுப் பாலைக் குட்டை டம்ளரில் கொடுத்தால் அழுகிறான், ஒல்லி டம்ளரில் ஊற்றினால் நிறைய இருக்கிறது என்று குடிக்கிறான். என் கண் முன்னால்தான் மாற்றி ஊற்றுகிறேன்!

---

கொட்டாங்குச்சி

அவன் வயசுக்கு அது சரிதான் அம்மா. சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே இதே டம்ளர் சோதனையைக் குழந்தைகளிடம் செய்து காட்டியிருக்கிறார். ஏழு வயது வாக்கில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு "ஊற்றினதுதானே, அதே அளவுதான்" என்பது பிடிபடும். அதற்கு முன்னால் மி.லி. சொல்லிக் கொடுத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. தண்ணீரில் விளையாட விடுங்கள். இந்தப் பாத்திரத்தில் எத்தனை டம்ளர் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு ஊற்றிப் பார்க்கட்டும்.

---

கணக்கு வாத்தியார்

"சொல்லிவிட்டு" என்றாரே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த இழையிலேயே முக்கியமான சொல் அதுதான் என்று எனக்குப் படுகிறது. அளப்பதற்கு முன்னால் மதிப்பீட்டை எழுதியே ஆக வேண்டும், பேனாவில். பென்சிலில் எழுதினால் அளந்த பிறகு அழித்து மாற்றிவிடுவார்கள், நம் ஆட்களைப் பற்றித் தெரியாதா. நோட்டில் இரண்டு கட்டம்: நினைத்தது, அளந்தது. முதல் மாதம் இரண்டும் எங்கேயோ இருக்கும். போகப் போக நெருங்கும்.

---

ஈராசிரியர் பள்ளி

நேரத்தை யாரும் தொடவில்லையே. கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் நேரம் அளக்கத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம்.

நான் செய்தது: பாட்டிலின் அடியை வெட்டி, மூடியில் ஊசியால் துளை போட்டு, தலைகீழாகத் தொங்கவிட்டு, கீழே ஒரு டம்ளர். நம் முன்னோர் நாழிகைக்கு வட்டில் வைத்திருந்த மாதிரி. ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60. நம் பாட்டிலில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, முதல் கோடு போட்டார்கள். அதே இடைவெளியில் ஸ்கேல் வைத்து அழகாக மீதிக் கோடுகளையும் போட்டுவிட்டார்கள். ஓடவிட்டுப் பார்த்தால் முதல் இடைவெளிக்கு ஒரு நிமிடம், கடைசிப் பக்கம் போகப் போக இரண்டு நிமிடத்துக்கு மேல். பாட்டில் கெட்டுப்போச்சு என்றார்கள். வேறு பாட்டில் எடுத்தார்கள், அதுவும் அப்படியே. தண்ணீர் மேலே அதிகமாக இருக்கும்போது வேகமாகத் தள்ளுகிறது, குறையக் குறைய மெதுவாகிறது என்று ஒரு பையன் சொல்ல இரண்டு நாள் ஆனது. கடைசியில் ஸ்கேலைத் தூக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு நிமிடமும் கடிகாரத்தைப் பார்த்துக் கோடு போட்டார்கள். கோடுகள் நெருங்கி நெருங்கி வருகின்றன. சம இடைவெளியில் கோடு இல்லாத அளவுகோலை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தார்கள்.

---

கொட்டாங்குச்சி

அருமை அருமை. ஊசலையும் சேருங்கள். 25 செ.மீ. நூலில் கல்லைக் கட்டி ஆட்டினால் போய் வர ஏறக்குறைய ஒரு நொடி. ஒரு தடவையை அளக்க முடியாது, பத்துத் தடவையை அளந்து பத்தால் வகுக்கலாம் என்பதை அதில்தான் சுலபமாகக் காட்ட முடியும். கனமான கல் கட்டினால் வேகமாக ஆடும் என்று எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். ஆடாது. ஒரு நொடியை இரண்டு நொடியாக்க நூலை இரண்டு மடங்கு நீட்டினால் போதும் என்பார்கள். போதாது, நாலு மடங்கு, ஒரு மீட்டர் வேண்டும். நூலை வெட்டி வெட்டிப் பார்க்கும்போது மீட்டரும் சென்டிமீட்டரும் கைக்குள் வந்துவிடும்.

---

நாலாங்கிளாஸ் டீச்சர்

பயறு முடிந்தது. பீரோவில் இருந்தது 17 செ.மீ., ஜன்னலில் இருந்தது 9. நூல் வைத்துத்தான் அளந்தார்கள். கணக்கு வாத்தியார் சார், எல்லாக் குழுவும் 0-வில்தான் வைத்தது, பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வடகிழக்குப் பருவமழை வருகிறது. மழைமானி செய்யலாம் என்று பிள்ளைகளே கேட்கிறார்கள். பேப்பரில் "48 மி.மீ. மழை" என்று போடுகிறார்களே, அது எதற்கு மி.மீ., லிட்டர் இல்லையா என்று ஒருவன் கேட்டான். என்ன சொல்லலாம்?

---

கொட்டாங்குச்சி

வகுப்புத் தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம் போட்டு, அதில் ஒரு லிட்டர் தண்ணீரை எங்கும் ஓடாமல் சமமாகப் பரப்பினால் 1 மி.மீ. உயரம் நிற்கும். 48 மி.மீ. என்றால் அந்தச் சதுரத்துக்கு 48 லிட்டர். குடத்தில் எத்தனை என்று அவர்கள் கணக்குப் போடட்டும்.

மழைமானிக்கு, உடம்பு நேராக இருக்கும் பாட்டில் வேண்டும். இடுப்பு வளைந்த, வரிவரியான குளிர்பான பாட்டில் ஆகாது. மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகக் கவிழ்த்தால் புனல். பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும், கூழாங்கல் போட்டு நேரான பகுதி தொடங்கும்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே 0 போடுங்கள். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள். வானிலைத் துறையும் 8.30-க்குத்தான் எடுக்கிறது, அப்போதுதான் பேப்பரோடு ஒப்பிட முடியும். ஒத்துவராவிட்டால் பயப்படாதீர்கள், இந்தத் தெருவில் பெய்யும் மழை அந்தத் தெருவில் பெய்யாது.

---

நாலாங்கிளாஸ் டீச்சர்

சரி சார். எங்கள் மைதானத்தில் பெரிய வேப்பமரம் இருக்கிறது. அதை விட்டால் சுற்றுச்சுவர் ஓரம்தான் இடம்.

---

கொட்டாங்குச்சி

இரண்டும் வேண்டாம் டீச்சர். மரத்தடியில் இலை பாதியைத் தடுக்கும், மழை நின்ற பிறகும் சொட்டும். மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வைக்கணும். வேப்பமரம் எவ்வளவு உயரம்?

---

நாலாங்கிளாஸ் டீச்சர்

தெரியவில்லையே! நாளைக்குப் பிள்ளைகளிடம் கேட்கிறேன். குச்சியும் நிழலும் வைத்து ஐந்தாம் வகுப்பு அளக்கலாம் என்கிறது.

---

ஈராசிரியர் பள்ளி

பத்து மணிக்கு முன்னால் செய்துவிடுங்கள். உச்சி வெயிலில் நிழல் குட்டையாகிவிடும், அளப்பது கஷ்டம். பாட்டிலைச் சுற்றி நாலு செங்கல் வையுங்கள், ஆடு தட்டிவிடும்.